பாதியில் நின்ற படிப்பைத் தொடர திறந்தநிலைப் பள்ளி



"பத்தாவது முடிச்சா போதும், இனி எதுக்கு மேல படிப்பு?" குழுக் கூட்டங்களில் நாங்கள் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. பள்ளிக்கூடம் தூரம், குடும்பக் கஷ்டம், பிளஸ் டூவில் ஃபெயில் என்று நின்றுபோன பெண் பிள்ளைக்கு அடுத்து வருவது பெரும்பாலும் கல்யாணப் பேச்சுதான். ஆனால் வேறு வழியும் இருக்கிறது.

மத்திய அரசின் தேசிய திறந்தநிலைப் பள்ளி 1989-ல் தொடங்கப்பட்டது. இதில் பத்தாவது தேறியவர்கள் வீட்டிலிருந்தே பிளஸ் டூ படிக்கலாம். 15 வயது நிரம்பியிருந்தால் போதும். மேல் வயது வரம்பு இல்லை. அம்மாவும் மகளும் சேர்ந்தே படிக்கலாம்!

என்ன படிக்கலாம்?

ஒரு மொழிப்பாடம் உட்பட ஐந்து பாடங்கள். சயின்ஸ் குரூப், காமர்ஸ் குரூப் என்ற கட்டாயம் இல்லை. உயிரியலோடு ஓவியம், கணக்குப்பதிவியலோடு மனையியல், உளவியலோடு டேட்டா என்ட்ரி என்று பிள்ளையின் விருப்பப்படி சேர்த்துக்கொள்ளலாம். மனப்பாடம் மட்டும் படிப்பல்ல. கையும் மனசும் சேர்ந்து வளர இது உதவும்.

தேர்வு எப்படி?

ஆண்டுக்கு இரண்டு முறை பொதுத்தேர்வு. ஐந்து பாடத்தையும் ஒரே தடவையில் எழுத வேண்டியதில்லை. பதிவு ஐந்து ஆண்டு செல்லும். பாஸ் மார்க் 33 சதவீதம். பிளஸ் டூவில் ஃபெயிலானவர்கள், தேறிய பாடங்களில் இரண்டு வரை இங்கே மாற்றிக்கொள்ளலாம்.

எச்சரிக்கை!

"மூணே மாசத்துல பிளஸ் டூ சர்டிபிகேட்" என்று சொல்லும் ஏஜெண்டை நம்பாதீர்கள். பத்தாவது தேறி இரண்டு ஆண்டு ஆகாமல் முழு பிளஸ் டூ சான்றிதழ் கிடைக்காது. குழுக் கடன் வாங்கிப் புரோக்கரிடம் கொடுக்க வேண்டாம். கட்டணத்தை நிறுவனத்தின் இணையதளத்திலேயே நேரடியாகக் கட்டலாம்.

சேரும் முன் மூன்று விஷயம் கேளுங்கள்: எடுக்கும் பாடம் எந்த மொழியில் கிடைக்கும்? அடுத்துச் சேர நினைக்கும் கல்லூரி அந்தப் பாடங்களை ஏற்குமா? எழுத நினைக்கும் அரசு வேலைக்கு இந்தச் சான்றிதழ் செல்லுமா?

உங்கள் குழுவில் படிப்பை நிறுத்திய பிள்ளைகள் எத்தனை பேர்? அடுத்த கூட்டத்தில் பட்டியல் எடுங்கள். விண்ணப்பம் போட நாங்கள் துணைக்கு வருகிறோம்.