மெத்தைக்குள் இருந்த எதிரி!

மழைக்காலம் வந்தாலே பிள்ளைகளுக்குத் தும்மல், மூக்கடைப்பு, இழுப்பு என்று ராத்திரி முழுக்கக் கண் விழிக்கிற தாய்மார்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். நானும் அதில் ஒருத்தி. என் அனுபவம் யாருக்காவது உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் கடலூர். கடல் பக்கம் என்பதால் வெயில் காலத்திலேயே உப்புப் புட்டி ஈரம் கோத்து நிற்கும். ஐப்பசி, கார்த்திகை என்றால் கேட்கவே வேண்டாம். துவைத்த துணி மூன்று நாளானாலும் காயாது, சுவரெல்லாம் ஓதம். போன வருஷம் அந்தச் சமயத்தில்தான், ஏழு வயசான என் சின்னவனுக்கு விடியற்காலையில் அடுக்கடுக்காகத் தும்மல். அப்புறம் நெஞ்சில் 'கொய்ங்' என்று சத்தம்.

"ஐஸ் வாட்டர் குடுக்காதேன்னா கேக்கறியா?" என்றார் மாமியார். வந்த உறவுக்காரம்மா, "வீட்டை நல்லா சுத்தமா வெச்சுக்கோம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. தினம் இரண்டு வேளை பெருக்குகிறவள் நான். அந்த ரோஷத்தில் மறுநாள் பரண், கட்டிலடி எல்லாம் தென்னந்துடைப்பத்தால் தட்டித் தட்டிப் பெருக்கினேன். அன்று ராத்திரி அவனுக்கு மூச்சு வாங்கியதில், ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி, "பையன் எதுல படுக்கறான்?" என்பதுதான். என் கல்யாணத்துக்கு அம்மா கொடுத்த இலவம்பஞ்சு மெத்தையில்தான் என்றேன். அப்போது அவர் விளக்கினார். டஸ்ட் மைட் என்று ஒரு பூச்சி, கண்ணுக்கே தெரியாது. நம் உடம்பிலிருந்து உதிரும் தோல் செதிள்தான் அதற்குச் சாப்பாடு. அது தண்ணீர் குடிப்பதில்லை. காற்றிலுள்ள ஈரத்தையே உடம்பில் இழுத்துக்கொள்ளும். அதனால் நம்ம கடலோர ஊர்கள் அதற்குச் சொர்க்கம். அது கடிக்காது; அதன் கழிவு தூசியோடு மூக்கில் ஏறுவதுதான் ஒவ்வாமைக்குக் காரணம். "இது அழுக்கு வீட்டு வியாதி இல்லைம்மா. மெத்தை, தலையணை இருக்கற எல்லா வீட்டுலயும் இது இருக்கும்" என்று அவர் சொன்னதும், நெஞ்சிலிருந்த பாரம் பாதி இறங்கியது.

அதன் பிறகு நான் செய்து வருவது இவைதான்:

* படுக்கை விரிப்பு, தலையணை உறை, போர்வை மூன்றையும் வாரம் ஒரு முறை சூடான தண்ணீரில் அரை மணி நேரம் ஊற வைத்துத் துவைக்கிறேன். வெதுவெதுப்பு போதாது, 60 டிகிரிக்குக் குறையாமல், கை வைக்க முடியாத சூடு வேண்டும். குச்சியால் அமுக்கி விடுங்கள். பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

* துணி பொம்மைகளைப் பிளாஸ்டிக் பையில் கட்டி, ஃப்ரீசரில் ஒரு நாள் முழுக்க வைத்து எடுத்து, பிறகு துவைக்கிறேன். குளிரில் பூச்சி செத்தாலும் கழிவு போகாது, அதனால் துவைப்பது முக்கியம்.

* பையன் பள்ளிக்கூடம் போன பிறகுதான் பெருக்குவது. அலமாரி, ஜன்னல் கம்பியெல்லாம் ஈரத்துணியால் துடைத்து விடுகிறேன், தட்டுவதே இல்லை. ஃபேன் இறக்கைக்குப் பழைய தலையணை உறையை மாட்டி இழுத்தால் தூசி உறைக்குள்ளேயே விழுந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை இது என் வீட்டுக்காரர் வேலை!

* ஈரத்துணியைப் படுக்கை அறையில் காயப் போடுவதில்லை. பீரோவைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளிப் போட்டோம். பின்னால் காற்று போனதால் அங்கே பூசணம் பூப்பது குறைந்தது. மழை விட்டால் ஜன்னலைத் திறந்து விடுவேன்.

* கரப்பான் பூச்சியின் எச்சமும் இழுப்பைத் தூண்டுமாம். ராத்திரி எச்சில் பாத்திரம் போட்டு வைக்காமல், சிங்க்கைத் துடைத்துவிட்டுப் படுக்கிறேன். கொசுவர்த்திப் புகை ஆகாது என்பதால் கொசுவலைதான்.

ஒரு எச்சரிக்கை. பாத்ரூம் பூசணம் போகட்டுமென்று, பிளீச்சிங் பவுடர் போட்ட இடத்திலேயே ஆசிட்டையும் ஊற்றிவிட்டேன். குப்பென்று புகை கிளம்பி எனக்கே மூச்சு அடைத்தது. அது குளோரின் என்ற விஷ வாயுவாம். இரண்டையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள். சோப்புத் தண்ணீர் ஊற்றி பிரஷ்ஷால் தேய்த்து, உலர விட்டாலே பெரும்பாலும் போய்விடும்.

மெத்தை கதையைச் சொல்லாமல் விட்டேனே! எங்கள் கொல்லை மரத்துப் பஞ்சைக் கொட்டை எடுத்து, அம்மா பார்த்துப் பார்த்துத் தைக்கக் கொடுத்தது அது. தூக்கிப் போட மனசு வரவில்லை. தீபாவளிக்கு வந்த அம்மாவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். ஒரு நிமிஷம் பேசாமல் இருந்தவர், "பிள்ளை மூச்சை விடவா மெத்தை பெரிசு?" என்று தானே வெளியே எடுத்துப் போட்டுப் பிரித்தார். உள்ளே பஞ்சு பாதி, பொடி பாதி! இப்போது சின்னவனுக்குக் கோரைப்பாயும், துவைக்கிற மாதிரி பருத்தி விரிப்பும்தான். பாயையும் வாராவாரம் துடைத்து வெயிலில் போடுகிறேன்.

சுத்தம் மட்டுமே மருந்து ஆகாது. டாக்டர் கொடுத்த இன்ஹேலரை, "பழக்கமாயிடும்" என்று யார் சொன்னாலும் நாங்கள் நிறுத்தவில்லை. அது பழக்கமாகிற மருந்து இல்லை என்று டாக்டரே சொல்லிவிட்டார். இந்த வருஷ மழைக்கு இரண்டே முறைதான் இழுப்பு வந்தது, ஆஸ்பத்திரி வரை போகவில்லை.

கடைசியாக ஒன்று. பிள்ளைக்கு மூச்சு வாங்குகிற வீட்டுக்குப் போனால், "சுத்தமா வெச்சுக்கோ" என்று அந்தத் தாயிடம் சொல்லாதீர்கள். "பையன் எதுல படுக்கறான்?" என்று கேளுங்கள். அதுதான் உதவி.

- ஒரு வாசகி, கடலூர்.