சின்னக் கரைதானேன்னு விட்டுடாதீங்க!

குடுமியான்மலைன்னு சொன்னதும் எல்லாருக்கும் இசைக் கல்வெட்டு ஞாபகம் வரும். சிவில் படிக்கிற நம்ம ஆளுங்க அதைப் பார்த்துட்டு, அப்படியே சுத்துவட்டாரத்தையும் ஒரு பார்வை பார்க்கணும். புதுக்கோட்டை மாவட்டத்தில் வற்றாத ஆறு கிடையாது. ஐப்பசி, கார்த்திகையில் பெய்யுற மழையைப் பிடிச்சு வைச்சாத்தான் தைக்கு அப்புறம் தண்ணி. அதனால்தான் இங்கே கண்மாய், குளம், ஏந்தல், ஊருணின்னு ஆயிரக்கணக்கில் மண் கரைகள். இது போக, சொந்தத் தோட்டத்திலேயே சரிவுக்குக் குறுக்கே கரை போட்டு, ஆடு மாட்டுக்கும் பயிருக்கும் தண்ணி தேக்குறவங்களும் உண்டு.

மூணு மீட்டர் கரையில் என்ன ஆபத்துன்னு தோணும். ஒரு கணக்கு போடுவோம். 100 மீட்டர் நீளம், 100 மீட்டர் அகலம், சராசரி ஆழம் 2 மீட்டர். கொள்ளளவு 20,000 கன மீட்டர், அதாவது 2 கோடி லிட்டர். 12,000 லிட்டர் லாரி ஆயிரத்து அறுநூறுக்கும் மேலே வேணும். அவ்வளவு தண்ணியும் நடுராத்திரியில் ஒரே உடைப்பு வழியா வெளியே வந்தா? கீழே வீடு இருக்கா, இல்லையாங்கிறதுதான் கேள்வி. கரையோட உயரம் அப்புறம்தான்.

கரை எப்படி உடையுது?

முதல் வழி, தண்ணி கரை மேலே ஏறி வழியுறது. கான்கிரீட் அணை இதைக் கொஞ்ச நேரம் தாங்கும். மண் கரை தாங்காது. வழியுற தண்ணி பின்சரிவை அரிச்சு, பள்ளம் பறிச்சு, கரையையே அறுத்துடும். அதுக்குத்தான் உபரி நீர் போக கலிங்கு. வெள்ளைக்காரன் காலத்துப் பாசனப் புத்தகங்களில் வர்ற 'காலிங்குலா' நம்ம கலிங்குதான்! கலிங்கில் வரிசையா கல் நட்டிருப்பாங்க. மழைக்காலம் முடியுறப்போ, இடைவெளியை மண்ணும் புல்லும் வைச்சு அடைச்சு, கூடுதலா கொஞ்சம் தண்ணி தேக்குவாங்க. எப்போ அடைக்கணும்ங்கிறதில்தான் விஷயமே இருக்கு. மழை பாக்கி இருக்கும்போதே மூட்டை போட்டு அடைச்சா, அடுத்த புயலுக்குத் தண்ணி கரை மேலேதான் ஏறும். மாடு தினமும் ஏறி இறங்குற தடம் கரையில் தாழ்ந்து கிடந்தா, முதல்ல வழியுறது அந்த இடம்தான்.

ரெண்டாவது வழி, உள்ளேயே அரிக்கிறது. ஜியோடெக் பேப்பரில் வர்ற 'பைப்பிங்' இதுதான். கசியுற தண்ணி வெளியேறுற இடத்தில் மண் துகளைத் தூக்கிட்டுப் போகும். அந்தத் துளை பின்னோக்கி வளர்ந்து, ஒருநாள் தேங்கின தண்ணியைத் தொட்டுடும். எலி வளையும், பட்டுப்போன மரத்தோட மக்கின வேரும் இதுக்கு ரெடிமேட் பாதை. ஜே.சி.பி. வைச்சு மண்ணை அப்படியே குவிச்ச கரையில் ஆபத்து இன்னும் அதிகம். 15 முதல் 20 செ.மீ. அடுக்கா, சரியான ஈரத்தில், ரோலர் ஓட்டி இறுக்கினாத்தான் அது கரை. இல்லாட்டி வெறும் மண்மேடு.

மூணாவது, குழாய். இங்கேதான் நம்ம முன்னோர்கிட்ட பாடம் கேட்கணும். புதுக்கோட்டைக் குளங்களில் தண்ணிக்கு நடுவே ரெண்டு கல்தூண் நிக்கிறதைப் பார்த்திருப்பீங்க. அது குமிழித் தூம்பு. தண்ணியைத் திறக்கிறதும் மூடுறதும் குளத்துக்குள்ளேயே நடக்கும். மூடிட்டா, கரைக்கு அடியில் போற கல் வாய்க்காலில் குளத்துத் தண்ணியோட அழுத்தம் இருக்காது. இன்னைக்கு பி.வி.சி. குழாயைப் புதைச்சு, வால்வை வெளிப்பக்கம் வைச்சா என்ன ஆகும்? கரைக்குள்ளே இருக்கிற குழாயில் 24 மணி நேரமும் அழுத்தம். ஒரு ஜாயின்ட் விட்டாலும் தண்ணி நேரா கரையோட வயித்துக்குள்ளே பாயும்.

நடந்த கதைகள்

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் கெல்லி பார்ன்ஸ் அணை. ஒரு தனியார் கல்லூரிக்குச் சொந்தமான, சுமார் 12 மீட்டர் உயர மண் அணை. 1977 நவம்பர் 6 விடியுமுன் பலத்த மழையில் உடைஞ்சு 39 பேர் இறந்தாங்க. பின்சரிவில் மண் சரிஞ்சிருந்தது 1973-லேயே புகைப்படத்தில் பதிவாகியிருந்தது. கென்யாவின் சோலாய் பகுதியில், தனியார் பண்ணை ஒன்றின் பட்டேல் அணை 2018 மே 9 இரவு உடைஞ்சப்போ நாற்பதுக்கும் மேற்பட்டவங்க இறந்தாங்க. ரெண்டுமே உலகம் கண்டுக்காத அளவுக்குச் சின்ன அணைகள்தான்.

யார் பார்க்கணும்?

நம்ம நாட்டு அணைப் பாதுகாப்புச் சட்டம் 2021, 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகளுக்குப் பொருந்தும். 10 முதல் 15 மீட்டர் வரை உள்ளவை கரை நீளம், கொள்ளளவு மாதிரி சில நிபந்தனைகளுக்கு உட்பட்டால் மட்டும் வரும். அதுக்குக் கீழே இருக்கிற தோட்டத்துக் கரை அந்தக் கணக்கிலேயே இல்லை. ஊர்க் கண்மாய்க்கு ஒரு காலத்தில் நீர்ப்பாய்ச்சி இருந்தார், மராமத்துக்கு ஊரே கூடியது. சொந்தக் கரைக்கு அதுவும் கிடையாது. சொந்தக்காரர் நடந்து பார்த்தாத்தான் உண்டு.

நல்ல சேதி என்னன்னா, பெரும்பாலும் கரை சொல்லிட்டுத்தான் உடையும். மழைக்கு முன்னாடி ஒருதரம், பெருமழைக்குப் பிறகு ஒருதரம் கரையில் நடந்தா இதெல்லாம் கண்ணில் படும்:

• கரையில் நீளவாக்கில் வெடிப்பு, இறங்கின இடம்
• பின்சரிவில் காய்ஞ்ச காலத்திலும் பச்சையா இருக்கிற ஒரு திட்டு
• குழாய் வெளியேறுற இடத்தைச் சுத்தி ஈரம்
• அடைபட்ட கலிங்கு

கசிவு தெளிவா வந்தா அளவைக் குறிச்சு வைச்சு, தினமும் கவனிங்க. கலங்கலா வந்தா கரையோட மண் வெளியே போகுதுன்னு அர்த்தம். உடனே கீழே இருக்கிறவங்களுக்குச் சொல்லிட்டு, வருவாய்த் துறைக்குத் தகவல் கொடுங்க. அந்த நேரத்தில் கரை மேலே நின்னு செல்ஃபி வேண்டாம்.

மினி ப்ராஜெக்ட்டுக்குத் தலைப்பு தேடுறவங்களுக்கு ஒரு வார்த்தை: உங்க ஊரில் ஒரு சின்னக் கரையை எடுத்துக்கோங்க. ஒரு லெவல் கருவி, ஒரு டேப், ஒரு நோட்டு போதும். கரை மட்டத்தையும் கலிங்கு மட்டத்தையும் அளந்து, வித்தியாசத்தை அந்தத் தோட்டக்காரர் கையில் எழுதிக் கொடுங்க. மார்க் எவ்வளவு வரும்னு தெரியாது. ஆனா கரைக்குக் கீழே தூங்குற குடும்பத்துக்கு அந்த ஒரு எண் ரொம்ப முக்கியம்.