மூட்டுவதும் மூட்டிவிடுவதும்



இரண்டை ஒன்றாக்கும் செயலுக்குத் தமிழ் ஒரு சொல்லோடு நின்றுவிடவில்லை. பூவைத் தொடுக்கிறோம், மணியைக் கோக்கிறோம், கிடுகைப் பின்னுகிறோம், பனையோலைப் பெட்டியை இழைக்கிறோம், மாங்கன்றை ஒட்டுகிறோம், புதுச் சாரத்தின் இரு தலைப்புகளை மூட்டுகிறோம். ஒன்றை மற்றொன்றின் இடத்தில் வைத்துச் சொல்லிப் பாருங்கள், கேட்பவர் நகைப்பார். அகராதி இவற்றை ஒருபொருட் சொற்கள் என்று வரிசைப்படுத்தலாம். கைத்தொழில் அறிந்தவருக்கு ஒவ்வொன்றும் வேறு வேலை.

இவற்றுள் மூட்டுதல் என்னும் சொல் நம்மைச் சற்றே தயங்க வைக்கிறது. எலும்பும் எலும்பும் சேருமிடம் மூட்டு. துணியைச் சேர்த்துத் தைப்பதும் மூட்டுதல். ஆனால் அடுப்பில் தீ மூட்டுவதும், ஊரில் கோள் மூட்டுவதும், இரு வீட்டாரிடையே சண்டை மூட்டிவிடுவதும் இதே சொல்லால்தான். ஓரிடத்துப் பேச்சை மற்றோரிடத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பவரும் ஒருவகையில் இணைப்பவர்தாமே!

பிணைத்தல் என்பது இன்னும் இறுக்கமான சொல். கட்டுவதைக் குறிக்கும் அதே சொல், நீதிமன்றத்தில் ஒருவருக்காக மற்றொருவர் பொறுப்பு நிற்பதையும் குறிக்கிறது. பிலமோனுக்குப் புனித பவுல் எழுதிய திருமுகத்தை வாசித்தால் இதன் பொருள் துலங்கும். ஒரே அதிகாரம், 25 வசனங்கள். கால் மணி நேரம்கூட வேண்டியதில்லை. பிலமோனை விட்டுப் பிரிந்திருந்த அடிமையான ஒனேசிமைத் திருப்பி அனுப்புகையில், அவர் ஏதேனும் கடன்பட்டிருந்தால் அதைத் தம் கணக்கில் எழுதிக்கொள்ளுமாறு பவுல் வேண்டுகிறார். தாமே செலுத்துவதாகத் தம் கைப்படவும் எழுதிக் கொடுக்கிறார். எழுதியபோது அவர் சிறையில் இருந்தார் என்பதையும் மறக்கலாகாது. நம்மிடையே அறிவுரை கூறிச் சமாதானம் செய்ய முன்வருவோர் பலர். இழப்பைத் தம் தலையில் ஏற்றுப் பிணை நிற்பவர் எத்தனை பேர்?

விவிலியத்தின் மூலமொழிகளிலும் இத்தகைய வளம் உண்டு. மனிதன் தன் மனைவியோடு ஒன்றித்திருப்பான் என்று தொடக்க நூலின் 2ஆம் அதிகாரம் கூறுமிடத்தில் உள்ள எபிரேயச் சொல் 'தாபாக்'. ரூத்து தன் மாமியாரை விட்டுப் பிரியாமல் பற்றிக்கொண்டதற்கும் அதே சொல்தான். உலோகத் துண்டுகளைப் பற்றவைக்கும் தொழிலைக் குறிக்க எசாயா நூல் கையாளும் சொல்லும் இதே வேரில் பிறந்தது.

எனினும் கடற்கரையில் வாழும் நம் மக்களுக்கு மிக நெருக்கமானது ஒரு கிரேக்கச் சொல். இயேசு அழைத்த வேளையில், செபதேயுவின் மக்கள் யாக்கோபும் யோவானும் படகிலிருந்து வலைகளைச் சீர்செய்துகொண்டிருந்தனர் என்கிறார் மாற்கு. அங்கே அவர் எழுதும் வினைச்சொல் 'கத்தார்த்திசோ'. குருநகரிலோ பேசாலையிலோ கேட்டால், வலை பொத்துதல் என்பார்கள். விலகிய எலும்பைப் பொருத்துவதற்கும் கிரேக்க மருத்துவர் அச்சொல்லையே வழங்கினர். கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் தொடக்கத்தில் பவுல் அதையே எடுத்தாள்கிறார். உங்களிடையே பிளவுகள் வேண்டாம் என்னும்போது அவர் இடும் சொல் கிழிசலையும் குறிப்பது. ஒருமனப்படுங்கள் என்னும்போது இடும் சொல் பொத்துதலைக் குறிப்பது. தவறிழைத்தவரைக் கனிவோடு திருத்துங்கள் என்று கலாத்தியருக்கு எழுதும்போதும் இதே சொல்தான்.

வலை பொத்துபவர் கிழிந்த இடத்தை வெறுமனே இழுத்து முடிந்துவிடுவதில்லை. முதலில் நைந்த நூலை வெட்டி அகற்றுவார். ஓட்டை முன்னிலும் பெரிதாகும். பிறகு சேதமுறாத ஒரு கண்ணிலிருந்து நூலைத் தொடங்கி, கண் கண்ணாக முடிந்து வருவார். ஆகவே, வீட்டில் அடியுதை படும் பெண்ணிடம் பொறுத்துக்கொண்டு திரும்பிப் போ என்று சொல்வது இணைத்தல் ஆகாது; நைந்த நூலில் முடிச்சிடும் வேலையே அது.

வேறு கிழிசல்களும் உண்டு. வேலி ஒன்றரை முழம் நகர்ந்ததால், சீதனக் காணி யாருக்கு என்ற வழக்கால், பத்து ஆண்டுகளாகப் பேசாத உடன்பிறப்புகள் நம் பங்குகளில் இருக்கிறார்கள். ஒரே திருப்பலியில் ஒருவர் முன்வாங்கில், மற்றவர் பின்வாங்கில். சமாதானத்தைப் பகிரும் வேளையில் பக்கத்தில் நிற்பவருக்குக் கைகூப்பிவிட்டு இருவரும் அமைதியடைகின்றனர்.

காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டுப் போய், முதலில் சகோதரரோடு நல்லுறவு ஏற்படுத்திக்கொள்ளுமாறு ஆண்டவர் பணித்ததை மத்தேயு 5ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். கேட்டவர்கள் கலிலேயர், பலிபீடம் இருந்ததோ எருசலேமில். ஊருக்குத் திரும்பிச் சகோதரரைக் கண்டு மீண்டும் பீடத்துக்கு வருவதென்றால், போகவும் வரவும் பல நாள் நடை. நமக்கு இடையில் இருப்பது ஒரு வேலி. அவர் கனடாவிலோ இலண்டனிலோ இருந்தால், ஒரு தொலைபேசி இலக்கம்.