ஒரே சூரியன், ஊருக்கு ஒரு வெப்பம்
நவரை நெல் பதராகாமல் இருக்கப் பட்டம் தவறக் கூடாது

சென்னை, வேலூர், பெங்களூரு ஆகிய மூன்று ஊர்களும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில், பூமத்திய ரேகைக்கு வடக்கே 13 டிகிரியில் உள்ளன. ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் நடுவிலும் சூரியன் இந்த ஊர்களின் உச்சிக்கு நேராக வருகிறது. ஆயினும் மூன்று ஊர்களிலும் வெப்பம் ஒன்றாக இல்லை.

மே மாதத்தில் வேலூரின் பகல் வெப்பம் சராசரியாக 39 டிகிரி செல்சியசை ஒட்டி இருக்கும். சென்னையில் அதைவிட ஓரிரு டிகிரி குறைவு. பெங்களூருவில் 33 டிகிரி அளவுதான். ஜனவரி அதிகாலையில் சென்னையில் சுமார் 21 டிகிரி இருக்கும்போது, வேலூரில் அதைவிடக் குளிர் அதிகம்.

காரணம் என்ன?

முதல் காரணம் கடல். ஒரு கிலோ தண்ணீரைச் சூடாக்க, ஒரு கிலோ காய்ந்த மண்ணுக்கு ஆவதைப்போல் சுமார் ஐந்து மடங்கு வெப்பம் வேண்டும். கடலில் வெயில் ஆழம் வரை இறங்குகிறது. அலைகளும் நீரைக் கலக்குகின்றன. எனவே கடல் மெதுவாகச் சூடேறி, மெதுவாகவே ஆறுகிறது. நிலமோ காலையில் காய்ந்து, இரவில் குளிர்ந்துவிடும்.

கோடையில் நிலம் சூடானதும் அதன் மேலுள்ள காற்று லேசாகி மேலெழும்புகிறது. அந்த இடத்தை நிரப்பக் கடற்காற்று வீசுகிறது. அதனால் கரையோர ஊர்களில் நண்பகலை ஒட்டி வெப்பம் தணியத் தொடங்கும். உள்நாட்டில் பிற்பகல் 3 மணி வரை ஏறிக்கொண்டே போகும். மேல்காற்று பலமாக அடிக்கும் நாட்களில் கடற்காற்று தாமதிப்பதால், கரையோரமும் கொதிக்கும்.

இரண்டாவது காரணம் உயரம். ஆயிரம் மீட்டர் மேலே போனால் சுமார் 6.5 டிகிரி வெப்பம் குறையும். பெங்களூரு சுமார் 900 மீட்டர் உயரத்தில் உள்ளது.

ஆகஸ்டில் சூரியன் மீண்டும் உச்சிக்கு வந்தாலும், அப்போது மேகமும் மழையும் இருப்பதால் மே மாதத்துக் கொடுமை இல்லை.

நெல்லுக்கு என்ன சம்பந்தம்?

நெல் பூப்பது பெரும்பாலும் காலை 9 மணிக்கும் நண்பகலுக்கும் இடையில். அந்த நேரத்தில் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் மகரந்தம் சரியாக உதிராது, கதிர் பதராகும். உரமிட்டும் நீர் பாய்ச்சியும் பயனில்லாமல் போகும்.

110 நாள் நெல் ரகம், விதைத்த 80-ஆவது நாளையொட்டிப் பூக்கும். ஜனவரி 10-ல் விதைத்தால் மார்ச் கடைசியில் பூக்கும். பிப்ரவரி 15-ல் விதைத்தால் மே முதல் வாரத்தில், அதாவது கத்திரி வெயிலில் பூக்கும். ஆகவே வேலூர், திருவண்ணாமலை போன்ற உள்நாட்டு மாவட்ட விவசாயிகள் நவரை விதைப்பை மார்கழிக்குள் முடிப்பது நல்லது. தாமதமானால் இன்னும் குறைந்த வயதுடைய ரகத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பூக்கும் சமயத்தில் வயல் காயாமல் தண்ணீர் நிறுத்த வேண்டும். தண்ணீருக்கு வழியில்லாதவர்கள், தாமதமான நெல்லைக் கைவிட்டு வேறு பயிரை நாடுவதே லாபம்.

கடற்கரை விவசாயிகளும் கடற்காற்றை மட்டும் நம்பக் கூடாது. அது வீசத் தொடங்கும் முன்பே பூ விரிந்துவிடும்.