கணினி விளையாட்டுத் திரைப்பிடிப்பும் அதனைப் பதிப்பிக்கும் முறையும்

ஓலையில் எழுதிய நூலும் கல்லிற் பொறித்த சாசனமும் காலத்தாற் சிதையினும் சில நூற்றாண்டுகள் நின்று பயன் தருவன. கணினித் திரையில் தோன்றும் விளையாட்டுக் காட்சியோ, ஒரு நொடிக்குள் பன்முறை வரையப்பட்டுப் பன்முறை அழிவது. அதனை நிலைபெறச் செய்யும் எளிய வழி, திரையில் உள்ளதை உள்ளவாறே படமாகப் பிடித்து வைத்தலாகும். 'ஸ்கிரீன்ஷாட்' என மாணவர் வழங்கும் இதனை ஈண்டுத் திரைப்பிடிப்பு என்போம்.

இது வீண் பொழுதுபோக்கன்றோ எனச் சிலர் வினவக்கூடும். விளையாட்டுகளும் மறைந்தொழிவன என்பதை அவர் எண்ணுதல் வேண்டும். பாடசாலைக் கணினிகளில் மாணவர் ஆடிய சிறு விளையாட்டுகள் பலவற்றை இயக்கிய 'பிளாஷ்' என்னும் மென்பொருளுக்கான ஆதரவு 2020 டிசெம்பர் 31ஆந் திகதியுடன் நிறுத்தப்பட்டது. 2014இல் வெளிவந்த 'தி குரூ' என்னும் மோட்டார் வண்டி விளையாட்டு, அதனைத் தாங்கிய வழங்கிகள் 2024 மார்ச்சு 31இல் மூடப்பட்டமையால், பணங்கொடுத்து வாங்கியவர்க்கும் பயன்படாதாயிற்று. இவ்வாறு மறையும் விளையாட்டுகளுக்குப் பலரிடத்தும் எஞ்சுஞ் சான்று திரைப்பிடிப்பேயாம்.

தமிழர்க்கு இதில் தனிக் கடப்பாடும் உண்டு. கனடாவிலே தொறன்ரோ நகரில் உருவாக்கப்பட்டு 2023 யூலை 31இல் வெளிவந்த 'வெண்பா' என்னும் விளையாட்டு, தமிழகத்திலிருந்து கனடாவிற் குடியேறிய ஒரு குடும்பத்தின் கதை. தாயிடமிருந்து பெற்ற சமையற் குறிப்பேடு சிதைந்து கிடக்கின்றது. இட்டலி, புட்டு முதலியவற்றின் செய்முறையில் விடுபட்டதை ஆடுவோர் உய்த்துணர்ந்து நிரப்புதல் வேண்டும். பிரித்தானியத் திரைப்பட, தொலைக்காட்சிக் கலைக்கழகம் 2024இல் முதற்படைப்புக்கான விருதை இதற்கு வழங்கியது. நம் அடுக்களையும் நம் எழுத்தும் இடம்பெறும் இத்தகைய படைப்பைப் பிழையின்றிப் படியெடுத்து வைத்தல் நம்மவர் பணியன்றோ?

இனிப் பிடிக்கும் முறையை நோக்குவோம். வின்டோஸ் கணினியில் வின்டோஸ் விசையையும் 'பிரின்ட் ஸ்கிரீன்' விசையையும் ஒருங்கே அழுத்தினால் முழுத்திரையும் படமாகிக் கோப்புறையிற் சேரும். வின்டோஸ், 'ஷிப்ட்', 'எஸ்' என்னும் மூன்றையும் அழுத்தினால் வேண்டிய பகுதியை மட்டும் வரைந்தெடுக்கலாம். 'ஸ்டீம்' வழியாக ஆடுவோர்க்கு 'எஃப் 12' விசை உதவும். கைத்தொலைபேசியால் திரையைப் படமெடுத்தல் பொருந்தாது. திரையின் துணுக்கு வரிசையும் ஒளிப்படக் கருவியின் உணரி வரிசையும் ஒன்றோடொன்று முரணி, மூலத்தில் இல்லாத அலைக்கோடுகளைத் தோற்றுவிக்கும்.

அடுத்து எண்ணற்பாலது கோப்பின் வகை. 'பிக்செல்' எனப்படும் நிறத் துணுக்குகள் அகலத்தில் 1920உம் உயரத்தில் 1080உம் உள்ள திரையில் மொத்தம் 20,73,600 துணுக்குகள் உள. ஒன்றுக்கு மூன்று பைட்டாக 62,20,800 பைட்டுகள் வேண்டும். ஆதலாற் படம் சுருக்கப்படுகின்றது. 'பி. என். ஜி.' என்னும் வகை, ஒரு துணுக்கும் கெடாவண்ணம் சுருக்குவது. 'ஜே. பெக்' என்னும் வகையோ படத்தை எட்டுக்கு எட்டாகிய கட்டங்களாகப் பகுத்து, கண்ணுக்கு எளிதிற் புலப்படாதன எனக் கருதும் நுண்மைகளைக் கைவிடுவது. வானத்திலும் கடலிலும் அவ்விழப்புத் தெரியாது. கூரிய விளிம்புடைய எழுத்தைச் சூழ மாசு படியும். திருத்தித் திருத்திச் சேமிக்குந்தோறும் இழப்பும் பெருகும்.

இவ்விழப்பு தமிழுக்குச் சிறிதன்று. சிறிய எழுத்தில் மெய்யின் புள்ளி இரண்டு மூன்று துணுக்களவே இருக்கும். அது மங்கினாற் 'பால்' என்பது 'பால' என்றாகும். 'பல்' என்பது 'பல' என்றாகும். ஓலை பொத்துவிடுமென அஞ்சிப் புள்ளியிடாது எழுதுதல் ஏட்டுச் சுவடிகளிற் பெருவழக்கு. 1887இற் கலித்தொகையைப் பதிப்பித்த சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை போன்றோர் பல பிரதிகளை ஒப்புநோக்கி, உரிய இடத்திற் புள்ளியிட்டு அச்சேற்றினர். அவர் அரிதின் மீட்ட புள்ளியை நாம் கோப்பு வகையைத் தெரிந்தெடுக்கும் அயர்ச்சியால் இழத்தல் தகுமா?

பிடித்த படத்தைத் திருத்துதலும் பதிப்புத் தொழிலே. எமது திரியாய்க் குன்றிலுள்ள பாறைச் சாசனம் வடமொழியிற் பல்லவ கிரந்த எழுத்தில் அமைந்தது. இத்தகைய சாசனங்களைப் படியெடுப்போர் நனைத்த தாளைக் கல்லிற் படியவைத்துத் தூரிகையால் அடித்து, அதன்மேல் மையை ஒற்றுவர். எழுத்தோடு பாறையின் வெடிப்பும் அப்படியில் விழும். படியை அழகுபடுத்த வெடிப்பை அழிப்பவன் எழுத்தின் கீற்றையும் உடனழிக்கக் கூடும். ஆதலாற் படி வேறு, வாசிப்பு வேறு என வைத்தல் அறிஞர் மரபு. திரைப்பிடிப்பிற்கும் இதுவே நெறி.

முதலாவது, மூலப் படத்தைத் தொடாது வைத்துப் பிரதியிலேயே திருத்துக. 'ஜிம்ப்' என்னும் இலவச மென்பொருள் இதற்குப் போதும். இரண்டாவது, கத்தரிக்கும்போது காட்சியின் பொருளை மாற்றும் பகுதியை நீக்கற்க. மூன்றாவது, அளவு மாற்றும்போது மூலத்தின் விகிதத்தை அறிந்து மாற்றுக. 'பிரின்ஸ் ஒவ் பேர்சியா' முதலிய பழைய 'டொஸ்' விளையாட்டுகள் 320க்கு 200 துணுக்குகளால் அமைந்தும், நாலுக்கு மூன்றாகிய திரையை நிரப்பின. அகலத்தை ஐந்து மடங்கும் உயரத்தை ஆறு மடங்குமாக்கி 1600க்கு 1200 எனப் பெருக்கினால் அக்காலத்தார் கண்ட உருவம் கிடைக்கும்; இன்றேல் மாந்தர் குறுகித் தோன்றுவர். நான்காவது, பலர் கூடி ஆடும் விளையாட்டிற் பிறர் பெயரும் உரையாடலும் திரையில் விழும். வெளியிடுமுன் அவற்றை ஒரே நிறக் கட்டத்தால் முற்றாக மறைக்க. மங்கலாக்குதல் போதாது; மங்கலிலிருந்து எழுத்தை மீட்கும் உபாயங்கள் உள. ஐந்தாவது, விளையாட்டின் பெயர், ஆக்கியோர், பதிப்பெண், பிடித்த திகதி, செய்த திருத்தம் ஆகியவற்றைப் படத்தோடு குறித்து வைக்க.

ஒளியைச் சிறிது கூட்டுதலும் நிறத்தைச் சீராக்குதலும் குற்றமல்ல. கூட்டியதைக் கூறாது விடுதலே குற்றம். போரினால் ஊர்விட்டுப் பெயர்ந்து வீட்டு நிழற்படங்களையும் இழந்தோர் வாழும் இப்பிரதேசத்தில், ஒரு படத்தின் அருமையை எவர்க்கும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. இன்று மாணவர் விளையாட்டாகப் பிடிக்கும் காட்சி, நாளை ஆராய்வோனுக்குச் சான்றாகலாம். அச்சான்றை நம்பத்தக்கதாக விட்டுச் செல்லுதல் நம் கடன்.