வெயிலில் காயும் வாட்டர் கேன்

1998 ஆகஸ்டில் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகர ஆய்வகம் ஒன்றில் பெண் எலிகளின் கருமுட்டைகள் திடீரென்று கோளாறாகத் தொடங்கின. வழக்கமாக 1, 2 சதவீத முட்டைகளில் தென்படும் குரோமோசோம் சிக்கல் 40 சதவீதத்தைத் தொட்டது. மரபியலாளர் பாட்ரீசியா ஹன்ட் துருவித் துருவித் தேடியதில் அகப்பட்டது தரை கழுவும் சோப்புத் திரவம். யாரோ அதை ஊற்றிப் பாலிகார்பனேட் கூண்டுகளையும் தண்ணீர் பாட்டில்களையும் கழுவியிருக்கிறார்கள். பிளாஸ்டிக் அரிபட்டு, அதிலிருந்து பிஸ்பீனால்-ஏ என்ற ரசாயனம் கசிந்துவிட்டது. சுருக்கமாக, பிபிஏ.

நம் வாசலில் இறங்கும் 20 லிட்டர் வாட்டர் கேன்களில் பலவும் அதே பாலிகார்பனேட்தான். கேன் காலியானதும் கவிழ்த்து அடியைப் பாருங்கள். முக்கோணத்துக்குள் 7 என்று இருந்தால் அதுவாக இருக்கலாம், பக்கத்தில் பிசி என்றும் இருந்தால் அதுதான். 1 என்றால் பெட், அதில் பிபிஏ சேர்ப்பதில்லை. புதுக் கேனைவிட, மேலெல்லாம் கீறல் விழுந்து மங்கி, மினி லாரியில் உச்சி வெயிலில் காய்ந்து வருகிற பழைய கேன்தான் கவலைக்குரியது. சூடும் காரமான சோப்பும் கசிவைக் கூட்டும்.

பிபிஏ உடலுக்குள் ஈஸ்ட்ரோஜன்போல வேஷம் கட்டும். பெண் குழந்தை 10 முதல் 20 லட்சம் கருமுட்டைகளுடன் பிறக்கிறது. அதற்குப் பிறகு கையிருப்பு குறையுமே தவிரக் கூடுவதில்லை. அதனால்தான் இந்த அக்கறை.

ஆனால் எலிக்கு நடந்தது மனுஷிக்கும் நடக்கும் என்று எழுதிவிட முடியாது. பாஸ்டனில் ஐவிஎஃப் சிகிச்சைக்கு வந்த பெண்களிடம் நடந்த ஆய்வில், பிபிஏ கூடினால் முட்டை குறைகிறது என்று முதலில் தெரிந்தது. அதே ஆய்வு விரிவடைந்தபோது அந்தத் தொடர்பு உறுதிப்படவில்லை. பிளாஸ்டிக்கை வளைய வைக்கச் சேர்க்கும் தாலேட் விஷயத்தில் மட்டும், அளவு கூடிய பெண்களிடம் முட்டைகளும் பிரசவங்களும் குறைவாகவே இருந்தன. ‘நீ என்னத்தைத் தின்னியோ’ என்று மருமகளைக் குத்திக்காட்ட இது எவருக்கும் ஆதாரமாகாது. வயது, தைராய்டு, கருக்குழாய் அடைப்பு, கணவரின் விந்தணு எல்லாவற்றையும் முதலில் பரிசோதிக்க வேண்டும், இருவருக்கும்.

நல்ல செய்தியும் உண்டு. பிபிஏ உடலில் தங்காது. சில மணி நேரத்தில் சிறுநீரில் போய்விடும். அமெரிக்காவில் ஐந்து குடும்பங்களுக்கு மூன்றே நாள், டப்பா உணவும் பிளாஸ்டிக் பொட்டலமும் இல்லாத புதுச் சமையலைக் கொடுத்துப் பார்த்தார்கள். சிறுநீரில் பிபிஏ சராசரியாக 66 சதவீதம் குறைந்தது. ஆயிரக்கணக்கில் பணம் பிடுங்கும் ‘டீடாக்ஸ்’ பொடிக்கு இங்கே ஒரு வேலையும் இல்லை. கேனை நிழலில் வையுங்கள், வந்ததும் தண்ணீரை எவர்சில்வர் குடத்துக்கோ மண்பானைக்கோ மாற்றுங்கள். பார்சல் சாம்பாருக்குத் தூக்குவாளி கொண்டுபோங்கள். கொதிக்கக் கொதிக்கப் பிளாஸ்டிக் கவரில் கட்டித் தருவது தமிழ்நாட்டில் 2019 முதல் தடைசெய்யப்பட்டது, கடைக்காரரிடம் தயங்காமல் சொல்லலாம்.

இவ்வளவையும் பெண்தான் பார்த்துக்கொள்ள வேண்டுமா? ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023-இல் பிபிஏவின் அனுமதி வரம்பை 20,000 மடங்கு குறைத்தது. அடுத்த ஆண்டே உணவு தொடும் பொருள்களில் அதைத் தடைசெய்யும் விதி அங்கே ஏற்கப்பட்டது. நம் நாட்டில் 2015 தரவிதி குழந்தைகளின் பால் பாட்டிலை மட்டும் பாலிகார்பனேட்டிலிருந்து விடுவித்தது. அந்தக் குழந்தையைச் சுமக்கும் தாய் குடிக்கும் கேனை அது தொடவில்லை. கேனில் உரிம எண் இல்லாவிட்டாலோ, அழுக்கும் கீறலுமாக வந்தாலோ, வாங்காமல் திருப்பி அனுப்புங்கள். மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்திலும் 1915 நுகர்வோர் உதவி எண்ணிலும் புகார் செய்யலாம்.

கடையில் நாள் முழுக்க பில் கிழித்துத் தரும் பெண்களுக்கு வேறு தொல்லை. மை இல்லாமல் அச்சாகும் வெப்பத் தாளில் பிபிஏவோ அதன் உறவுக்கார ரசாயனமோ பூசியிருக்கலாம். சானிடைசர் போட்ட ஈரக் கையால் தொட்டால் தோல் வழியே அதிகம் ஏறும் என்று 2014-இல் ஓர் ஆய்வு காட்டியது. கை காய்ந்த பிறகு தொடுவது, சாப்பிடுமுன் சோப்பால் கழுவுவது அவர்கள் கையில். ஆனால் எந்தத் தாள் வாங்குவது என்பது முதலாளி முடிவு. வேலையிடத்தில் தன் உடல்நலம் பற்றிய தகவலைக் கேட்டுப்பெறும் உரிமை சட்டத்தில் இருக்கிறது. பிஸ்பீனால் இல்லாத தாளும் சந்தையில் கிடைக்கிறது. எழுத்தில் கேளுங்கள், நகலை வைத்துக்கொள்ளுங்கள்.