அறுவை முடிந்தது, ஆறுவது எப்போது?

"ஆப்பரேஷன் செய்தும் பிரயோசனமில்லை, தங்கச்சி. முன்னைவிட மூக்கு மோசமாகி விட்டது."

என் அண்ணன் இப்படிச் சொல்லிக்கொண்டு என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தது, சைனஸ் அறுவை முடிந்த மூன்றாவது வாரத்தில். தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டுகிறவர். எட்டு வருஷமாக மூக்கடைப்பு, கன்னத்து வலி, தொண்டைக்குள் இறங்கும் சளி. நம் பெரியவர்கள் பீனிசம் என்பார்களே, அதுதான். கோடாரித் தைலமும் நொச்சி ஆவியும் பிடித்துப் பிடித்து ஓய்ந்த பிறகு, மூக்குத் துவாரம் வழியாகவே குழாய்க் கருவியை விட்டுச் செய்யும் எண்டோஸ்கோப் அறுவைக்குச் சம்மதித்தார்.

மூன்றாம் வாரத்தில் மூக்குக்குள் பொருக்கு, வீக்கம், அடைப்பு. உப்புநீரால் கழுவுவதை அவராகவே நிறுத்தி விட்டார். மறு பரிசோதனைக்கும் போகவில்லை. போனால் ஒரு நாள் சம்பளம் போய்விடுமாம். நானாவது அதட்டி அனுப்பியிருக்க வேண்டும். பாடம் சொல்லிக் கொடுக்கிற நானே, "புண்ணைத் தொடாமல் விடுங்கள் அண்ணே, தானாக ஆறட்டும்" என்று சொல்லி விட்டேன். அது பெரிய தவறு. ஏன் தவறு என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நெற்றியிலும் கன்னங்களிலும் கண்களுக்கு நடுவிலும் மூக்குக்குப் பின்னே ஆழத்திலும் எலும்புக்குள் காற்று அறைகள் இருக்கின்றன. இவற்றின் உட்சுவரில் மெல்லிய ஈரச் சவ்வு ஒன்று படர்ந்திருக்கிறது. அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள் கோடிக்கணக்கில் உண்டு. காற்றில் லாலான் புல் ஒரே பக்கமாகச் சாய்கிறதே, அதுபோல இவை நொடிக்குப் பத்து முறைக்கு மேல் ஒரே திசையில் அசைந்து, சளியை அறையின் வாசலுக்குத் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. வாசல் வீங்கி அடைத்தால் சளி தேங்கும். தேங்கினால் சவ்வு மேலும் வீங்கும். பன்னிரண்டு வாரத்துக்கு மேலும் இது தொடர்ந்தால் நாட்பட்ட சைனஸ் நோய் என்கிறார்கள்.

முற்காலத்தில் மேல் உதட்டுக்கு உட்புறம் கீறி, கன்ன எலும்பைத் துளைத்து, கெட்டுப் போனதென்று அந்தச் சவ்வையே சுரண்டி எடுத்தார்கள். ஆஸ்திரியாவில் கிராஸ் நகரத்து மருத்துவர் வால்டர் மெசர்கிளிங்கர் எண்டோஸ்கோப்பால் மூக்கினுள் பார்த்துப் பல ஆண்டுகள் ஆராய்ந்து, 1978-இல் நூலாக வெளியிட்டார். சளி தன் இயற்கை வாசலை நோக்கியே போகிறது. வேறிடத்தில் புது ஓட்டை போட்டாலும் அதைச் சுற்றிக்கொண்டு பழைய வாசலுக்கே போய்ச் சேருகிறது. ஆகையால் இன்றைய அறுவையில் வாசலை மட்டும் அகலமாக்கி, சவ்வைக் கூடுமானவரை விட்டு வைக்கிறார்கள். மிச்சமிருக்கும் சவ்வின் ஓரத்திலிருந்துதான் புதுச் சவ்வு படர்ந்து காயத்தை மூட வேண்டும். எலும்பு வெறுமையாகத் தெரியும்படி சுரண்டிவிட்டால் அங்கே தழும்புதான் வளரும். நுண்மயிர்கள் குறைந்து போகும்.

இந்த ஆறுதல் ஒரு நாளில் முடிவதல்ல. முதல் பத்து நாள் வரை உறைந்த இரத்தமும் பொருக்கும். அடுத்த சில வாரங்கள் புதுத்தசை சிவந்து வளரும், வீக்கமும் இருக்கும். அண்ணன் மனம் உடைந்தது இந்தக் கட்டத்தில்தான். அவர் நினைத்ததுபோல் அது தோல்வியல்ல, ஆறுவதன் நடுவழி. இரண்டு மூன்று மாதத்தில் பெரும்பாலும் சவ்வு மூடிவிடும். ஆனால் மூடிய சவ்வில் நுண்மயிர் முளைத்துப் பழையபடி அசைய மூன்று முதல் ஆறு மாதம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். அதுவரை சளியைத் தள்ள ஆளில்லை. அந்த வேலையைத்தான் உப்புநீர் செய்கிறது.

பொருக்கைக் கழுவாமல் விட்டால் எதிரெதிர்ப் புண்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வாசல் மறுபடி அடைபடும். அண்ணனுக்கு அப்படித்தான் ஒட்டியிருந்தது. நல்லவேளையாக நாலாம் வாரம் அண்ணி பிடிவாதமாக அழைத்துப் போனார். மருத்துவர் மரத்துப் போகும் மருந்து வைத்து, ஒட்டியதைப் பிரித்து, பொருக்கை எடுத்து, "இதற்குத்தானே வரச் சொன்னோம்?" என்று கேட்டாராம். அண்ணன் பதில் பேசவில்லை.

கழுவும் தண்ணீரைப் பற்றித் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. குழாய்த் தண்ணீரை அப்படியே மூக்கில் விடவே கூடாது. 2011-இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் அவ்வாறு கழுவிய இருவர், தண்ணீரில் வாழும் ஒருவகை அமீபா மூளைக்கு ஏறி இறந்து போனார்கள். குடித்தால் வராத ஆபத்து மூக்கு வழியே வருகிறது. கொதி வந்த பிறகும் நாலைந்து நிமிடம் கொதிக்க விட்டு, மூடி வைத்து ஆறவிட்ட நீரில், மருத்துவமனையில் கொடுத்த உப்புப் பொட்டலத்தைக் கரையுங்கள். கழுவும் புட்டியையும் தினம் சுத்தம் செய்து உலர்த்துங்கள்.

முதல் இரண்டு வாரம் மூக்கைச் சீந்தக் கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். பாரம் தூக்கக் கூடாது. குலை வெட்டுகிறவர்கள் எம்.சி. முடியுமுன் பிரட்டுக்குப் போய் நிற்காதீர்கள். சிகரெட்டைத் தொடவே வேண்டாம். மூக்கில் அடிக்கும் மருந்தை நடு எலும்பின் பக்கம் அடிக்காமல் காதுப் பக்கமாகச் சாய்த்து அடிக்க வேண்டும். இரத்தம் நிற்காமல் வந்தாலும், பார்வை மங்கினாலும், கண் வீங்கினாலும், தலைவலி தாங்க முடியாமல் போனாலும், தெளிந்த நீர் மூக்கிலிருந்து சொட்டிக்கொண்டே இருந்தாலும் விடியட்டும் என்று காத்திராமல் மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

அறுவை நடந்து ஐந்து மாதமாகிறது. அண்ணி இரவுதோறும் தண்ணீர் கொதிக்க வைக்கிறார். அண்ணன் முணுமுணுத்துக்கொண்டே கழுவுகிறார். போன ஞாயிற்றுக்கிழமை என்னோடு நடந்து வந்தவர் எண்ணெய் ஆலைப் பக்கம் சட்டென்று நின்று மூக்கைச் சுளித்தார். "ஏன் தங்கச்சி, இவ்வளவு நாற்றத்திலா நாமெல்லாம் இத்தனை வருஷமாகக் குடியிருக்கிறோம்?"